கடலோரக் கணக்குப்பிள்ளை

எங்கள் ஆபீஸ் கணக்குப்பிள்ளையிடம், கடற்கரையோரப் பயணத்துக்கு எப்போது கிளம்புகிறார் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். மற்ற எதைக் கேட்டாலும் சொல்வார். குஜராத்தின் கோடியில், கட்ச் கோட்டேஸ்வரத்தில் தொடக்கம், கன்னியாகுமரியில் திருப்பம், வங்காளத்துக் கங்காசாகரில் முடிவு. முதுகில் ஒரு பை. நடக்க முடிந்த இடத்தில் நடை, முடியாத இடத்தில் டவுன் பஸ். எந்த ஊரில் எந்தத் தர்மசாலையில் படுக்கலாம், எந்த ஆற்றை எந்தப் படகில் தாண்டலாம், ஸ்ரீஹரிகோட்டா வந்ததும் கரையை விட்டு எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும், எல்லாம் எக்செல் ஷீட்டில் இருக்கிறது. ‘புறப்படும் தேதி’ என்றும் ஒரு கட்டம் உண்டு. அதற்கு மஞ்சள் வண்ணம் பூசி வைத்திருக்கிறார். உள்ளே ஒன்றும் இருக்காது.

பை ஏழு கிலோவைத் தாண்டக்கூடாது என்று வீட்டம்மாவின் சமையலறைத் தராசில் போர்வையை நிறுத்ததையும், டூத் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்ததையும் விட்டுவிடுவோம். அதெல்லாம் சில்லறை. அவருடைய உயிர் இருப்பது அந்த ஷீட்டில்தான்.

கணக்கு இப்படித் தொடங்கியது. இந்தியக் கடற்கரை 7,516 கிலோமீட்டர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம் இல்லையா? நாளைக்கு 20 கிலோமீட்டர் என்று வைத்தால் 376 நாள். ஒரு வருஷமும் பதினோரு நாளும். அவ்வளவு லீவை எந்த மேனேஜரும் தரமாட்டார். இரண்டு வாரம் யோசித்துவிட்டு, “அந்தமானையும் லட்சத்தீவையும் எடுத்துட்டேன் சார். அங்க எப்படியும் நடந்து போக முடியாது” என்றார். நிலப்பகுதி மட்டும் என்றால் 5,422 கிலோமீட்டர். அதற்கு 271 நாள், அதாவது ஒன்பது மாதம். பிள்ளைப்பேற்றுக்கு ஆகிற காலம். பிள்ளையாக இருந்திருந்தால் இந்நேரம் பள்ளிக்கூடம் போயிருக்கும்.

அடுத்து வந்தது சீசன் என்கிற சனி. அக்டோபர் ஒன்றாம் தேதி கட்ச்சில் கிளம்பினால் குஜராத், கொங்கண், கேரளம் எல்லாம் சுகமாகப் போகும். பிப்ரவரிக் கடைசியில் கன்னியாகுமரி. அதுவரைக்கும் ஷீட்டில் பச்சை. அப்புறம் தமிழ்நாட்டைத் தாண்டி ஆந்திராவில் நடந்துகொண்டிருக்கும்போது அக்னி நட்சத்திரம். ஆரஞ்சு. ஒடிசா போய்ச் சேரும்போது தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். சிவப்பு.

“அப்ப திருப்பிப் போட்டுப் பாருங்களேன். வங்காளத்துல ஆரம்பிச்சு இறங்கி வரலாமே?”

என்னை ஒரு பார்வை பார்த்தார். “அக்டோபர், நவம்பர்ல வங்கக்கடல் புயல் சார். அதுக்கு மேல நம்ம ஊர்ல வடகிழக்குப் பருவமழை. தெரியாதா உங்களுக்கு?” தெரியும். சென்னையில் குடியிருப்பவனுக்கு அது தெரியாமலா இருக்கும்? ஆனால் அவர் கேட்ட தோரணையில், போன வருஷம் வாசலில் முட்டளவு நின்ற தண்ணீரே எனக்கு ஐயமாகிவிட்டது.

இப்படி ஒரு வழியாக எல்லா நிறமும் பூசி முடித்து, லீவு லெட்டரே எழுதிவிடுவார் போலிருந்த நேரத்தில் அரசாங்கம் குறுக்கே வந்தது. உள்துறை அமைச்சகத்தின் 2023-24 ஆண்டறிக்கையில் நாட்டின் கடற்கரை நீளம் 11,098 கிலோமீட்டராகிவிட்டது. கடல் ஒன்றும் புதிதாக வந்துவிடவில்லை. பழைய அளவு 1970களில் எடுத்தது. வளைவு நெளிவுகளையும் கழிகளையும் விட்டுவிட்டுக் குத்துமதிப்பாகப் போனது. இப்போது நுணுக்கமான வரைபடத்தில் அத்தனை மடிப்பையும் சேர்த்து அளந்திருக்கிறார்கள். அளவுகோல் சின்னதாக ஆக ஆகக் கரை நீண்டுகொண்டே போகும். நடக்கிறவனுக்கு இதனால் ஓரடிகூடக் கூடப்போவதில்லை. ஆனால் நம் ஆளுக்கு? குஜராத் மட்டுமே 1,214இலிருந்து 2,340 ஆகிவிட்டதே! தலையில் கை வைத்து உட்கார்ந்தார். மறுநாளே தெளிந்து, “தமிழ்நாடு 906லருந்து 1,068. ஆந்திராவ முந்திட்டோம் சார்” என்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அன்று மாலை ஷீட்டை முதல் வரியிலிருந்து மறுபடி போட ஆரம்பித்தார்.

போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம் என்று நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்த பெண், சேர்ந்தாற்போல் வந்த லீவில் தோழிகளோடு கோகர்ணா போய்வந்தாள். ஷீட் கிடையாது, தராசு கிடையாது. பஸ் ஏறினாள், போனாள், நனைந்தாள், வந்தாள். மதியச் சாப்பாட்டின்போது செல்போனில் படம் காட்டிக்கொண்டிருந்தாள். கணக்குப்பிள்ளை டிபன் பாக்ஸோடு வந்து எட்டிப் பார்த்தார்.

“ஜூலையிலயா போனீங்க?”

“ஆமா சார், செம மழை!”

“குட்லே பீச்சுலருந்து ஓம் பீச்சுக்கு நடந்தீங்களா?”

“நடந்தோம் சார்.”

“அங்கருந்து ஹாஃப் மூன், பாரடைஸ்?”

“மழை ஜாஸ்தியாயிடுச்சு சார், திரும்பிட்டோம்.”

“அப்ப நீங்க கோகர்ணா பாக்கல” என்று சொல்லிவிட்டு ரசம் சாதத்தைப் பிசைய ஆரம்பித்தார்.

அந்தப் பெண் செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு நின்றுபோனது அந்த இடத்தில்தான். போகாமல் இருப்பது அவரவர் சௌகரியம். கடன், குழந்தையின் பரீட்சை, அம்மாவின் முழங்கால், ஆயிரம் இருக்கும். ஆனால் போய்வந்தவர்களுக்கெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்து மார்க் போடுவது என்ன நியாயம்? அவரிடம் பாஸானவர் இதுவரை ஒருத்தரும் இல்லை. தனுஷ்கோடிக்குக் காரில் போனால் ஃபெயில். தரங்கம்பாடி போய் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையைப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பினால் ஃபெயில். பரீட்சையே எழுதாதவர் பேப்பர் திருத்துகிறார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் நண்பர் ஒருவர் கொங்கண் பக்கம் பைக்கில் போனபோது, தாபோலில் பொழுது சாயும் நேரத்தில் மாட்டிக்கொண்டு இவரைத்தான் கூப்பிட்டார். மகனின் டியூஷன் வாசலில் நின்றுகொண்டிருந்த மனிதர் ஷீட்டைத் திறக்கவே இல்லை. “ஜெட்டிக்கு நேரா போங்க. பைக்கையும் ஏத்திக்குற ஜங்கார் படகு உண்டு. அக்கரையில தோபாவே, அங்கருந்து குஹாகர் ரோடு. ராத்திரி குஹாகர்ல தங்கிருங்க” என்று மூச்சு விடாமல் சொன்னாராம். சொன்னபடியே எல்லாம் இருந்தது. மறுநாள் முழுக்க முகம் மலர்ந்து திரிந்தார். தாபோல் வரியில் ‘நேரில் சரிபார்த்தது’ என்று ஒரு குறிப்பும் ஏறிவிட்டது. யார் நேரில் போனது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

ஆகவே, கடற்கரையோரம் பையை மாட்டிக்கொண்டு நடக்க ஆசையுள்ளவர்கள் தாராளமாக அவரிடம் ஷீட்டை வாங்கிக்கொள்ளலாம். கேட்டால் மறுக்காமல் அனுப்புவார், தங்கமான தகவல்கள். வாங்கியதும் கிளம்பிவிடுங்கள், அடுத்த திருத்தம் வருவதற்குள். திரும்பி வந்ததும் படத்தைக் காட்ட மட்டும் வேறு ஆள் பாருங்கள்.