ஹீரோவும் அவரே, டைரக்டரும் அவரே

கே: ஒரு சர்வாதிகாரியைக் கிண்டலடித்து ஆவணப்படம் எடுக்க முதலில் என்ன வேண்டும்?

ப: அவருடைய ஒத்துழைப்பு! உகாண்டாவின் இடி அமீன் அதைத் தாராளமாகக் கொடுத்தார். பார்பே ஷ்ரோடர் எடுத்து 1974இல் வெளிவந்த படத்தில், 'அதோ ஹெலிகாப்டர், அதைப் பிடி' என்று கேமராமேனுக்கு வேலை சொல்வதே அமீன்தான். இசைக்கு அக்கார்டியன் வாசிப்பதும் அவரே. படத்துக்கு வைத்த துணைத்தலைப்பு 'சுயசித்திரம்'. ஷ்ரோடர் செய்த விஷமமெல்லாம், 'கட்' சொல்ல வேண்டிய இடத்தில் சும்மா இருந்ததுதான்.

கே: அமீன் படத்தைப் பார்த்துவிட்டு என்ன செய்தார்?

ப: சில இடங்களை வெட்டச் சொன்னார். ஷ்ரோடர் மறுத்ததும், உகாண்டாவிலிருந்த பிரெஞ்சுக்காரர்களைப் பிடித்து ஓட்டலில் அடைத்து, ஷ்ரோடரின் போன் நம்பரையும் கையில் கொடுத்துவிட்டார். படத்திலிருந்து சுமார் இரண்டரை நிமிடம் போயிற்று. 1979இல் அமீன் பதவியிழந்த பிறகு அது திரும்ப வந்து ஒட்டிக்கொண்டது. அதே படத்தில் மந்திரிசபைக் கூட்டம் ஒன்று வரும்; வெளியுறவு மந்திரிக்குச் செம டோஸ் விழும். இரண்டு வாரத்தில் அந்த மந்திரியின் உடல் நைல் நதியில் கிடைத்தது. சிரித்துக்கொண்டே பார்த்துவிட்டு எழுந்து போகிற படமல்ல.

கே: பொய் சொல்லி உள்ளே நுழைந்து படமெடுப்பது நியாயமா?

ப: எனக்கும் அந்த உறுத்தல் உண்டு. டென்மார்க்கின் மாட்ஸ் புரூகர், கொரியாவில் பிறந்து டென்மார்க்கில் வளர்ந்த இரண்டு காமெடியன்களை நாடகக் குழு என்று சொல்லி வட கொரியத் தலைநகர் பியோங்யாங்குக்குக் கூட்டிப் போனார். 2009இல் வந்த 'ரெட் சேப்பல்' அந்தப் பயணம்தான். அதிகாரிகள் நாடகத்தைத் திருத்தித் திருத்தி, கடைசியில் காமெடியைத் தவிர எல்லாம் இருந்தது. இருவரில் ஒருவருக்கு மூளைவாதம். அவருடைய குழறிய டேனிஷ் ஒட்டுக்கேட்பவர்களுக்குப் புரியாது. ஆக, அங்கே மனதில் பட்டதைப் பேச முடிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் அதிகம் திட்டியது யாரை? புரூகரை! கூடவே சுற்றிய வட கொரிய அம்மாளை ஏமாற்றுகிறோமே என்று அவருக்கு ஆற்றாமை. ஊர்வலத்தில் எல்லோரும் முஷ்டியை உயர்த்த, புரூகர் கெஞ்சியும் அவர் கையைத் தூக்கவில்லை.

கே: தலைவர் செத்துப்போயிருந்தால்?

ப: செலவு மிச்சம். ருமேனியாவின் சவுஷெஸ்குவைப் பற்றி அந்திரேய் உஜிக்கா 2010இல் எடுத்த படத்தில் உஜிக்கா எடுத்த காட்சி ஒன்றுகூட இல்லை. எல்லாம் பழைய அரசாங்க பிலிம் சுருள். தலைவர் வாலிபால் ஆடுகிறார், கரடி வேட்டைக்குப் போகிறார், கைதட்டல் வாங்குகிறார். பின்னணிக் குரல் கிடையாது. மூன்று மணி நேரம்.

கே: மூன்று மணி நேரமா! யார் உட்கார்ந்து பார்ப்பது?

ப: ருமேனியாக்காரர்கள் 24 வருடம் பார்த்தார்கள்.