வரப்புக்கு ஏது செக்போஸ்ட்?

மறுபடியும் ஒரு நோய் வந்து ஊரை மூடிட்டா இன்னா பண்றதுன்னு கேட்கிறியே நைனா, சரியான ஆளைத்தான் கேட்டே. 2020-ல கொரோனா வந்து ஊரை மூடினப்போ, ஆந்திராவுல இருக்கிற இந்தப் பலமநேர் சுத்துவட்டாரத்துல ஒரு சட்டத்தையும் மீறாம வாழ்ந்த கிழவன் நான். விடிஞ்சா ஒரு சட்டம், பொழுது சாஞ்சா ஒரு சட்டம். இன்னிக்கு எது நடப்புன்னு எனக்கும் தெரியாது, லத்தி வெச்சிருந்தவருக்கும் தெரியாது. அப்புறம் மீறினேன்னு எவன் சொல்லுவான்?

மார்ச் 22-ந் தேதி ஒரு நாள் வீட்ல இரு, சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கை தட்டுன்னாங்க. தட்டினோம். 25-ந் தேதியிலருந்து 21 நாள்னாங்க. அப்புறம் மே 3, மே 17, மே 31. கோர்ட்டுல வாய்தா வாங்கிப் பழகின ஜில்லா இது, அதனால எங்களுக்கு அது ஒண்ணும் புதுசா தெரியலை.

கடைக்குப் போறதுதான் பெரிய வித்தை. மதியம் ஒரு மணி வரைக்குமா, பதினோரு மணியோட சரியா, நோய் கண்ட தெருன்னா ஒன்பதுக்கே மூடிடுவானா? நேரத்தைக் குறைச்சா கூட்டம் குறையும்னு எந்தப் புண்ணியவான் கணக்குப் போட்டானோ! நாள் பூரா நாலு நாலு பேரா வந்து போன ஜனம், மூணு மணி நேரத்துக்குள்ள மொத்தமா வந்து முட்டிச்சு. தள்ளி நில்லுன்னு சுண்ணாம்புல வட்டம் போட்டிருந்தாங்க. ஒரு வட்டத்துக்குள்ள மூணு பேர் நின்னாங்க. வட்டத்தை விட்டு வெளியே வரலையே, அதுவும் சட்டப்படிதானே? நீ மட்டும் கடை மூட அஞ்சு நிமிஷம் இருக்கும்போது போ. போலீஸ்காரருக்குப் பசி, கடைக்காரனுக்கு அவசரம். மிச்ச தக்காளியைக் கேட்ட விலைக்குக் குடுத்துடுவான்.

தக்காளின்னதும் ஞாபகம் வருது. அந்த ரெண்டு மாசம் நம்ம ஜில்லாவுல கம்பீரமா எல்லை தாண்டினது மதனப்பள்ளி தக்காளி ஒண்ணுதான். மனுஷனுக்கு இ-பாஸ், தக்காளிக்கு ராஜ மரியாதை. மே 5-ந் தேதி கோயம்பேடு மார்க்கெட்டையே மூடினப்புறம்தான் அதுக்கும் நம்ம கஷ்டம் புரிஞ்சுது.

சுவர் கதை உனக்குத் தெரியுமா? ஏப்ரல் கடைசியில வேலூர் ஜில்லாக்காரங்க ரோட்டுக்குக் குறுக்கே சுவரே கட்டிட்டாங்க, நைனா. குடியாத்தம் போற வழியில சைனகுண்டா கிட்ட ஒண்ணு, பொன்னை பக்கம் மாதாண்டகுப்பத்துல ஒண்ணு. ஹாலோ பிளாக் கல்லு, மூணடி அகலம், அஞ்சடி உயரம். நமக்கு வயித்து வலின்னா வேலூர் சிஎம்சி, பொண்ணு குடுத்தது குடியாத்தம், பால் விக்கிறதும் மாடு வாங்குறதும் ரெண்டு பக்கமும்தான். நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டு வர்றவனை ஆம்புலன்ஸ்ல இருந்து இறக்கி, சுவர் மேல ஏத்தி, அந்தாண்ட இறக்கணுமா? எனக்கு வேற ஒரு சந்தேகம். கொத்தனார் எந்தப் பக்கம் நின்னு கட்டினான்? ஆந்திரா பக்கம் நின்னு கட்டியிருந்தா, வேலை முடிஞ்சு வீட்டுக்கு எப்படிப் போனான்? ஊரே கூச்சல் போட்டதும் இடிச்சிட்டாங்க. அதுக்கப்புறம் நோய்க்கு ஏத்த மாதிரி ஜில்லாவாரியா சென்ட்ரல் கவர்மெண்ட்டு போட்ட கலர் லிஸ்ட் வந்தா, சித்தூரும் சிவப்பு, வேலூரும் சிவப்பு!

சுவர் கட்டின காசுல ரெண்டு பக்கமும் முகக்கவசம் வாங்கிக் குடுத்திருக்கலாம். அது ஒண்ணுதான் உருப்படியான சட்டம். அதை மட்டும் நம்ம ஆளுங்க தாடையில போட்டாங்க.

சுவர் எழும்பின மறு வாரம், மே 4-ந் தேதி, நம்ம ஆந்திராவுல சாராயக் கடையைத் திறந்தாங்க. தமிழ்நாட்டுல 7-ந் தேதிதான். நடுவுல மூணு நாள். ரோட்டுல செக்போஸ்ட் இருந்தா இன்னா, வரப்புக்கு ஏது செக்போஸ்ட்? சர்க்கரை மாத்திரை வாங்க வழி தெரியாதவன்லாம் கரும்புத் தோட்டம் புகுந்து இந்தாண்ட வந்து நின்னான். குடியைக் குறைக்கத்தான் விலை ஏத்துறோம்னு சர்க்கார் மொதல்ல 25 சதம், மறுநாளே இன்னொரு 50 சதம் ஏத்திச்சு. குடியும் குறையலை, கியூவும் குறையலை. குறைஞ்சது அவன் பொண்டாட்டி சேர்த்து வெச்ச அரிசிப் பணம்.

கல்யாணத்துக்கு 50 பேர், சாவுக்கு 20 பேர்னு ஒரு கணக்கு. இதுல நல்லதும் உண்டு. வேண்டாத பங்காளிக்குப் பத்திரிகை வைக்காம, 'சட்டம் விடலையே மாமா'ன்னு மூக்கைச் சிந்தலாம். சாவுதான் சிக்கல். தூக்க நாலு பேர், மேளம் நாலு பேர், வெட்டியான், ஐயரு, அழுறதுக்கு நாலு பொம்பளைங்க. மிச்சத்துல நீ இருக்கியா பாத்துக்கோ. என் லிஸ்டு தயார். நடந்துக்குற லட்சணத்தைப் பொறுத்து உன் பேரை ஏத்துவேன், இறக்குவேன்.

வடக்கே பாத்துக் குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு சொந்த ஊருக்கு நெடுஞ்சாலையில நடந்தாங்களே கூலித் தொழிலாளிங்க, அவங்களை வெச்சு மட்டும் நான் நையாண்டி பண்ண மாட்டேன். மேலே சொல்றேன் கேளு.

சட்டத்தை ஒழுங்கா அனுசரிச்சவர் நம்ம ஏழுமலையான் ஒருத்தர்தான். 65 தாண்டினவங்க வெளியே வரப்படாதுன்னு உத்தரவு. மார்ச் 20-லருந்து ஜூன் 8 வரைக்கும் அவர் பாட்டுக்கு ஏகாந்தமா இருந்தாரு. பூஜை மட்டும் தவறாம நடந்துச்சு. நாம மலைக்குப் போக முடியலைன்னு லட்டு கீழே இறங்கி வந்து, தேவஸ்தான மண்டபத்துல 50 ரூபாய்ப் பண்டம் 25-க்கு வித்துச்சு. என் ஆயுசுல விலை இறங்கினது அது ஒண்ணுதான்.

ஜூலை 21-லருந்து திருப்பதி டவுனை மூடினாங்க பாரு, அது இன்னும் வேடிக்கை. காலையில 11 மணிக்கு மேல கீழே கடைவீதியில உப்பு கிடையாது, மேலே மலையில தரிசனம் உண்டு! ஆனா 10 வயசுக்குக் கீழேயும் 65-க்கு மேலேயும் இருந்தா அதுவும் இல்லை. எனக்கு உப்பும் போச்சு, சாமியும் போச்சு.

அதே சமயம் நம்ம ஆந்திரா சர்க்கார் 60 தாண்டினா முதியோர் பென்ஷன்னு மாசம் ஒண்ணாந் தேதி வாலண்டியரை வீட்டு வாசலுக்கே அனுப்பிச்சு. அதனால நைனா, அடுத்த நோய் வர்றதுக்குள்ள மீ-சேவா சென்டருக்குப் போய் என் ஆதார்ல வயசை 62-ன்னு மாத்தி வாங்கிட்டு வா. பென்ஷனும் வரும், தரிசனமும் கிடைக்கும். பல்லு ஏன் இல்லைன்னு கேட்டா, முகக்கவசம் போட்டிருக்கேன், கழட்டப்படாதுன்னு சொல்லிடுறேன்.