ஒரு நொடிக்கு ஒரு பிளேன்டீ

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் காலையில் நான் "கோப்பி" என்று குரல் கொடுத்தால் சில நாட்களில் கோப்பி வரும். சில நாட்களில் கொப்பி வரும். கொப்பி வந்தால் அதில் பால்மா, பருப்பு, கரண்ட் பில் என்று முதல்நாள் செலவு எழுதியிருக்கும். குடிக்க முடியாது. "நீங்கள் எதைக் கேட்டனீங்கள் எண்டு எனக்கு விளங்கேல்லை" என்பாள் மனைவி. கலியாணமான நாள் தொட்டுக் கேட்கிற கோப்பி! தமிழ்நாட்டுக்காரருக்கு இந்தத் துன்பம் இல்லை. அவர்கள் காபி குடித்து நோட்டில் எழுதுகிறவர்கள். ஒரு மாத்திரை பிசகினால் வீட்டுக் கணக்கைக் குடிக்க வேண்டிவருவது எங்களுக்குத்தான்.

இந்த ஒரு மாத்திரையை நம்பித்தான் நான் ஆங்கில வாத்தியார் ஆனேன்.

நான் ஓய்வுபெற்ற கிளாக்கர். தமிழ்நாட்டில் கிளாக் என்றால் சுவரில் தொங்கி வேலை செய்வது. இங்கே கிளாக்கர் என்றால் கதிரையில் இருந்து அந்தச் சுவரைப் பார்ப்பது. முப்பத்தைந்து வருடம் பார்த்தேன். ஓய்வுக்குப் பிறகு பார்க்க வீட்டுச் சுவர்தான் மிஞ்சியது. அதிலுள்ள வெடிப்பை நாளுக்கு மூன்று தடவை மனைவிக்குச் சுட்டிக்காட்டி வந்தேன். நான்காம் நாள், "இஞ்சாருங்கோ, சுவருக்கு ஒண்டுமில்லை. உங்களுக்குத்தான் ஒரு வேலை வேணும்" என்றாள்.

வேலை புறக்கோட்டையிலிருந்து வந்தது. எங்கள் ஊரவர் ஒருவர் நான்காம் குறுக்குத் தெருவில் வெங்காயமும் செத்தல் மிளகாயும் மொத்தமாக விற்கிறார். தன் கடைப் பொடியன்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் கொஞ்சம் இங்கிலிஸ் பேச்சுப் பழக்கிவிட வேண்டும், மேல்மாடி சும்மாதான் கிடக்கிறது, புதனும் சனியும் கடை பூட்டிய பிறகு வந்தால் போதும் என்றார். "அண்ணை, உங்களுக்கு அது தண்ணி பட்ட பாடுதானே" என்றும் சொன்னார். மறுத்திருக்கலாம். ஆனால் நான் வட்டுக்கோட்டைப் பக்கத்தவன். 1823இல் அமெரிக்க மிஷனரிமார் செமினரி தொடங்கி, கண்டவனையெல்லாம் ஆங்கிலம் பேச வைத்த மண். அந்த மண்ணில் இரண்டு மைல் தள்ளிப் பிறந்தவனுக்கும் காற்றோடு கொஞ்சம் ஒட்டியிருக்காதா என்ற நம்பிக்கை எனக்கு எப்போதும் உண்டு. மனைவிக்கு இல்லை. அவள் கொட்டாஞ்சேனைக்காரி, கன்னியாஸ்திரிகளிடம் ஆங்கிலம் படித்தவள். நான் ஆங்கிலம் பேசும்போதெல்லாம் அவளுக்கு அடுப்படியில் ஏதாவது அவசர வேலை வந்துவிடும்.

முதல் நாள் 100ஆம் இலக்க பஸ்ஸில் போகும்போது பாடத்தை மனதுக்குள் அடுக்கினேன். புறக்கோட்டைக்கு ஆங்கிலப் பெயர் பெற்றா. பேட்டை என்ற எங்கள் சொல்லைத்தான் வெள்ளைக்காரன் அப்படி ஆக்கினான். எங்கள் ஏகாரத்தைப் பிடித்து எகரமாக வெட்டிவிட்டான். வெட்டிய மாத்திரையை வீணாக்கவும் இல்லை. சுருட்டை எடுத்து, நடுவிலிருந்த ருவை ரூ ஆக்கி, செரூட் என்று புகைத்தான். இப்படிப்பட்டவனுடைய மொழியைக் குறில் நெடில் தெரிந்த தமிழனைவிட வேறு யார் திறம்படக் கற்பிக்க முடியும்? கான் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இறங்கியபோது எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. 1923இல் ஒரு பார்சிக் குடும்பம் தகப்பன் நினைவாகக் கட்டிய கோபுரம் அது. அதன் பெயரை ஆங்கிலத்தில் நான் இத்தனை காலமும் "குளோக் டவர்" என்று சொல்லிவந்தேன். அதற்கு மேலங்கிக் கோபுரம் என்று பொருள் என்பது பிறகுதான் தெரிந்தது.

வகுப்பில் ஏழு பேர். இரண்டாம் குறுக்குத் தெருப் புடைவைக்கடைத் தம்பி, செட்டியார் தெருவில் நகைக்குப் பத்து வைக்கிற ஒருவர், ஹட்டன் பக்கமிருந்து வந்து மூட்டை சுமக்கிற நாட்டாமை அண்ணன், பக்கத்துக் கடையில் பில் எழுதும் சிங்களப் பெண், எங்கள் ஊரவரின் கடைப் பொடியன்கள் மூவர். எட்டாவதாகக் கீழ்த்தட்டிலிருந்து செத்தல் மிளகாயின் நெடி. ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் தும்மினார். அந்த ஆறு மாதமும் அந்த அறையில் எழும்பிய உயிரொலிகளில் சுத்தமானவை அந்தத் தும்மல்கள்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

கரும்பலகையில் ஒரு கப்பல் வரைந்தேன். பக்கத்தில் ஒரு செம்மறி வரைந்தேன். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே அமைந்தன. "இது ஷிப். இது ஷீப். துறைமுகம் இந்தப் பக்கம், ஆட்டுப்பட்டித் தெரு அந்தப் பக்கம். இரண்டுக்கும் இடையில் ஒரு மாத்திரைதான் தூரம்" என்றேன். இதைப் பஸ்ஸிலேயே தயாரித்து வைத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. நகைக்காரர், "சேர், சீப் எண்டால் மலிவு இல்லையா?" என்றார். ஒரு பொடியன், சீப்பு என்றால் வாழைப்பழம் என்றான். நாட்டாமை அண்ணன் மட்டும் நிதானமாக யோசித்து, "எனக்கு வெளங்குது சேர். ஷிப் வந்தா வெங்காயம் வரும். ஷீப் வந்தா இருக்கிற வெங்காயமும் போயிரும்" என்றார். என் வாத்தியார் வாழ்க்கையில் கேட்ட மிகச் சிறந்த விளக்கம் இது. அது என்னுடையதாக இல்லாதது ஒரு குறை.

பிறகு தொல்காப்பியரை இறக்கினேன். கண் இமைக்கிற நேரமோ விரல் நொடிக்கிற நேரமோ ஒரு மாத்திரை; குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. "எல்லாரும் விரலை எடுங்கோ. ஷிப்புக்கு ஒரு நொடி. ஷீப்புக்கு இரண்டு." ஏழு பேரும் நொடித்தார்கள். மூட்டை தூக்கிய விரலும் பொன் உரைத்த விரலும் நொடித்தால் சத்தம் எப்படியிருக்கும்! ஜன்னல் திறந்திருந்தது. மூன்றாவது ஷீப்பில் கீழே தேத்தண்ணிக்கடைப் பொடியன் தட்டோடு படியேறி வந்து நின்றான். புறக்கோட்டையில் விரல் நொடித்தால் பிளேன்டீ என்று பொருள். அந்த இலக்கணம் தொல்காப்பியருக்குத் தெரியாது. ஒரு நொடிக்கு ஒன்றாக அவன் எண்ணியே கொண்டுவந்திருந்தான். மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை என்ற பாடத்தை அன்று நடத்தாமல் விட்டேன். அரைப் பிளேன்டீ அவனிடம் இல்லை.

இரண்டாம் வாரம்தான் அனர்த்தம். புடைவைக்கடைத் தம்பி வாழ்நாள் முழுக்கக் கட்டில் விரிப்பை ஒழுங்காக பெட்ஷீட் என்று சொல்லி விற்று வந்தவன். நான் போய், "இங்கிலிஸ்காரன் எங்களைப்போல இழுக்க மாட்டான், சுருக்கிச் சொல்லப் பழகுங்கோ" என்று பொதுவாக ஒரு புத்திமதி சொன்னேன். அடுத்த நாள் கடைக்கு வெள்ளைக்காரச் சோடி ஒன்று வந்திருக்கிறது. தம்பி வாத்தியாரை மதிப்பவன், ஷீட்டைச் சுருக்கினான். சுருக்கி, டபுள் சைஸில் வெள்ளை நிறத்தில் இருக்கிறது, தொட்டுப் பாருங்கள், கழுவினால் சாயம் போகாது என்றும் உத்தரவாதம் கொடுத்திருக்கிறான். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாளாம். அவன் என்னிடம் கோபிக்கவில்லை. "சேர், நீங்கள் படிப்பிக்க முந்தி நான் சரியாத்தான் சொன்னனான் போல" என்று மட்டும் சொன்னான். கடற்கரையைப் பற்றி மட்டும் வெளிநாட்டவரோடு பேச வேண்டாம் என்று வகுப்பு முழுவதையும் அன்றே எச்சரித்தேன். காரணம் கேட்டார்கள். பெண்பிள்ளை இருக்கிற வகுப்பு, சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து கதையைச் சொன்னேன். மனைவி அடுப்படிக்குப் போகவில்லை. அங்கேயே நின்று சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்கள் மணிக்கூட்டை வைச்சு உயிர் படிப்பிக்கிறீங்கள். இங்கிலிஸில அது நேரமில்லை, வாய்" என்றாள். அடிக்கிற பீட் என்ற சொல்லையும், ஏலத்தில் விலை கேட்கிற பிட் என்ற சொல்லையும் சொல்லிக்காட்டினாள். முதலாவதில் நெடில், இரண்டாவதில் குறில் என்று புத்தகம் சொல்கிறது. ஆனால் சொல்லின் கடைசியில் தொண்டை அதிராத மெய் நின்றால் முன்னாலுள்ள உயிர் குறுகும். தொண்டை அதிரும் மெய் நின்றால் நீளும். முதலாவதன் கடைசி மெய்யில் தொண்டை அதிராது, இரண்டாவதில் அதிரும். அதனால் இந்த நெடிலும் அந்தக் குறிலும் ஏறத்தாழ ஒரே அளவு நேரம்தான் ஒலிக்கும். நேரத்தை அளந்து இவற்றைப் பிரிக்கவே முடியாது. நாக்கு எவ்வளவு உயர்கிறது, உதடு எவ்வளவு இழுபடுகிறது, தசை இறுகுகிறதா தளர்கிறதா என்பதுதான் கணக்கு. குறில் என்பது நெடிலின் பாதி அல்ல, வேறொரு பிராணி.

"அப்ப ஏன் லோங், ஷோர்ட் எண்டு பேர் வைச்சவங்கள்?" என்று கேட்டேன். அது பழைய கணக்காம். ஒரு காலத்தில் ஆங்கிலத்திலும் எங்களைப்போல் நெடில் உண்மையாகவே நீண்டிருந்தது. பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்து இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் நெடில்கள் எல்லாம் வாய்க்குள் மேலேறியோ இரண்டாக உடைந்தோ இடம் மாறிவிட்டன. காக்ஸ்டன் 1476இலேயே வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்துவிட்டதால், உயிர்கள் குடிபெயர்ந்த பிறகும் எழுத்து பழைய விலாசத்திலேயே நின்றுவிட்டது. அதனால்தான் பள்ளிக்கூடத்தில் லோங் ஏ என்றால் ஆ இல்லை, ஏய். லோங் ஐ என்றால் ஈ இல்லை, எங்கள் ஐ. இந்த ஓர் இடத்தில் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. ஐயை நெடிலில் சேர்த்தவன் தமிழன்தானே? "ஓம், ஒண்டு சரி" என்றாள் மனைவி, மார்க் போடுகிறவள்போல.

மருதானையில் பழைய புத்தகக் கடையொன்றில் ஆன் பேக்கரின் 'ஷிப் ஓர் ஷீப்' புத்தகத்தைத் தேடி வாங்கினேன். கேம்பிரிட்ஜ் 1977இல் வெளியிட்டது. நான் சொந்தமாகக் கண்டுபிடித்ததாக நினைத்த கப்பலும் செம்மறியும் அதன் அட்டையிலேயே தலைப்பாக நின்றன. அதோடு படமாக ஏராளம் வாய்கள். அவற்றைப் பார்த்து நான் குளியலறைக் கண்ணாடி முன் பயிற்சி செய்ததை அடுத்த வீட்டுக்காரர் பல்வலி என்று நினைத்து கராம்பு எண்ணெய் கொடுத்தனுப்பினார்.

அடுத்த அடி, பையைக் குறிக்கும் சொல்லில் விழுந்தது. என்னோடு சேர்த்து நாங்கள் ஏழு தமிழரும் அதை பேக், பெக், பாக் என்று எல்லாத் திசையிலும் தேடினோம். சிங்களப் பெண் தலை நிமிராமலே சரியாகச் சொல்லிவிட்டுத் தன் கொப்பியில் பூ வரைந்துகொண்டிருந்தாள். சிங்களத்தில் அந்த உயிருக்குத் தனி எழுத்தே இருக்கிறது, குறிலும் நெடிலுமாக. எங்கள் பன்னிரண்டில் அது இல்லை. ஆங்கில உயிர்களுக்கு வாய்க்குள் வரைபடம் போட்ட டேனியல் ஜோன்ஸ், எச்.எஸ். பெரேரா என்பவரோடு சேர்ந்து 1919இல் பேச்சுச் சிங்களத்துக்கு ஒரு வாசிப்பு நூலே வெளியிட்டார். இதையெல்லாம் நான் வகுப்பில் சொல்லவில்லை. தொல்காப்பியர் கோபிப்பார்.

இந்த நாட்டில் ஓர் உயிரெழுத்துக்குப் பட்டப்பெயரே உண்டு: நொட்-பொட் இங்கிலிஸ். அந்த இரண்டு சொற்களிலும் வருகிற உயிரைச் சொல்லத் தெரியாதவனின் ஆங்கிலம் என்று பொருள். அகலத் திறக்க வேண்டிய வாயைக் குவித்து ஓ ஆக்கிவிட்டால், மண்டபம் ஓட்டையாகிவிடும், பந்து கிண்ணமாகிவிடும். அது உச்சரிப்பைக் கேலி செய்கிற பெயர்போல் தெரியும். உண்மையில் நீ எந்தத் தெருவில், எந்தப் பள்ளிக்கூடத்தில் வளர்ந்தாய் என்று விசாரிக்கிற பெயர். பல்கலைக்கழகப் பொடியன்கள் ஆங்கிலத்துக்குச் சிங்களத்தில் கடுவ, அதாவது வாள், என்று பெயர் வைத்தார்கள். மொழியியலாளர் திரு கந்தையா 1984இல் அதைத் தலைப்பாக்கியே ஒரு கட்டுரை எழுதினார். அரசாங்கம் 2009ஐ ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டாக அறிவித்து, எங்கள் பாணியில் ஆங்கிலம் பேசுவோம் என்றது. நல்ல யோசனை. ஆனால் எங்கள் பாணியில் பேசியபோதுதான் நான் மகளின் கலியாணத்துக்கு வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்துக்கு ஃபோன் எடுத்து, ஐந்நூறு பேர் இருக்கக்கூடிய பெரிய ஓட்டை ஒன்று வேண்டும் என்று கேட்டேன். மறுமுனையில் ஒரு சின்ன அமைதி. மனைவி ஃபோனை வாங்கினாள். மண்டபம் கிடைத்தது.

அந்த அமைதியை நான் மறந்ததில்லை. அதனால்தான் என் வகுப்பில் யார் எந்த உயிரை எப்படிக் கொன்றாலும் யாரும் சிரிக்கக் கூடாது என்று விதி வைத்தேன். என்னைப் பார்த்துச் சிரிப்பதற்கு மட்டும் விதிவிலக்கு. அதைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள்.

ஆறாம் மாதம் மனைவி என்னோடு வந்தாள், சும்மா பார்க்க. கைப்பையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து நாட்டாமை அண்ணனிடம் கொடுத்து, "அண்ணன், ஷீப்புக்கு சிரிச்சபடி சொல்லுங்கோ, ஷிப்புக்கு வாயைத் தளரவிடுங்கோ" என்றாள். அவர் கண்ணாடியில் தன்னைப் பார்த்துச் சிரித்தார். ஷீப் வந்தது. சிரிப்பு நின்றது. ஷிப் வந்தது. அரை மணித்தியாலத்தில் புடைவைக்கடைத் தம்பிக்கு பெட்ஷீட் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது. யாரும் விரல் நொடிக்கவில்லை. தேத்தண்ணிக்கடைப் பொடியன் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

இப்போது வகுப்பை அவள்தான் எடுக்கிறாள். நான் பின்வாங்கில் நகைக்காரருக்குப் பக்கத்தில் இருக்கிறேன். என் நொட் இன்னும் வரவில்லை, பொட் பரவாயில்லை. பழைய பிளேன்டீக் கணக்கு வீட்டுக் கொப்பியில் பால்மாவுக்குக் கீழே எழுதியிருக்கிறது: ஷிப் இருபத்தொன்று, ஷீப் நாற்பத்திரண்டு. இன்னும் கொடுத்து முடியவில்லை.