யுத்தகாலச் சின்னங்கள்

கேள்வி: வன்னி யுத்தகாலத்து ஆயுதச் சின்னங்களைச் சேகரித்து, வீட்டிலே ஒரு சிறு நூதனசாலை அமைக்க விரும்புகிறேன். தங்கள் ஆலோசனை யாது?
(ஒரு வாசகர், வவுனியா)

பதில்: பெரும்பொருள்களைப் பொறுத்தவரை தாங்கள் சற்றே தாமதித்துவிட்டீர்கள். 1991 இல் ஆனையிறவு இராணுவ முகாமை நோக்கி உருண்டுவந்த புலிகளின் கவச புல்டோசரையும், கிளிநொச்சியில் சரிந்து விழுந்த தண்ணீர்த் தாங்கியையும் அரசாங்கமே காட்சிப்பொருளாக்கிக்கொண்டது. 2006 டிசம்பரில் முல்லைத்தீவுக் கரையில் தரைதட்டிய ஜோர்தானியக் கப்பலான 'பாரா 3'-ஐயோ பழைய இரும்பு வியாபாரம் உண்டு ஜீரணித்துவிட்டது. எஞ்சிய சிறுபொருள்கள் மண்ணுக்குள் இருக்கின்றன. ஆனால் அவற்றுட் சில, சேகரிப்பவரையே சேகரித்துவிடும் சுபாவம் உடையனவாதலால், மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையைக் கண்டதும் தங்கள் ரசனையை அவ்விடத்திலேயே நிறுத்திக்கொண்டு, கண்ணிவெடி அகற்றுவோருக்கு அறிவிப்பதே உத்தமம். (துப்பாக்கி ரவைகளில் பொலிஸாருக்கும் ரசனை உண்டு என்பதை மறவாதீர்கள்.)

நூதனசாலை அமைத்தே தீருவேன் என்றால், பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயைச் சிக்கனமாக எரித்த ஜாம் போத்தல் விளக்கையும், வவுனியாவில் தங்குவதற்கு வரிசையில் நின்று பெற்ற பாஸ் துண்டையும், 2012 இல் மூடப்பட்ட மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமின் அட்டையையும் தேடுங்கள். இவை அம்மம்மாமாரின் தகரப்பெட்டிகளில் உள்ளன. மரியாதையாகக் கேட்டு வாங்கி, அவர்கள் சொல்லும் கதையையும் கூடவே எழுதி வையுங்கள்.