கேக் அக்காவின் வாடகைக் கணக்கு

சென்னையில் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பானாலும் ஒரு கேக் அக்கா இருப்பார். லிஃப்டில் வெண்ணிலா மணந்தால் அவர் சற்றுமுன் இறங்கியிருக்கிறார் என்று பொருள். முன்னங்கையில் ஓவன் சுட்ட தழும்பு, புருவத்தில் துளி ஐசிங் சர்க்கரை, கக்கத்தில் ஒரு நீள நோட்டு. நோட்டின் முன்பக்கத்திலிருந்து ஆர்டர்கள். பின்பக்கத்திலிருந்து வாடகைக் கணக்கு. இரண்டும் நடுவில் முட்டிக்கொண்டதும் புது நோட்டு வாங்கிவிடுவார்.

“தனியா ஒரு கிச்சன் பார்த்துட்டு இருக்கேன்” என்பார். பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்.

ரூபாய் அவருக்கு ரூபாயாகத் தெரிவதில்லை. கிலோ 900 ரூபாய்க்குப் போகும் சாக்லேட் டிரஃபிளில் வெண்ணெய், முட்டை, கோகோ, அட்டைப்பெட்டி எல்லாம் போக 450 நிற்கும். எனவே 18,000 ரூபாய் வாடகை என்பது 40 கிலோ கேக். தரகர் “ரவுண்டா இருபதாயிரம் வெச்சுக்கலாம்மா” என்றால், “இன்னும் நாலரைக் கிலோவா?” என்று அலறுவார். தரகருக்கு ஒன்றும் புரியாது. “மாசாமாசம் 40 கிலோவுக்கு யாருங்க பிறப்பாங்க?” என்று ராத்திரி கணவரை எழுப்பிக் கேட்பார். பிறகு, ஆடியில் கல்யாணம்தானே கிடையாது, பிறந்த நாளுக்கு என்ன தடை என்று தானே தேற்றிக்கொள்வார்.

நடுராத்திரி வரை நின்று கிரீமில் ரோஜா போடும் தன்னுடைய கூலியை மட்டும் அவர் எழுதுவதில்லை. ஒருமுறை எழுதிப் பார்த்தபோது கேக் விற்கவே கூடாது என்று விடை வந்ததாம். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டார்.

இடம் பார்த்த கதை தனி. மயிலாப்பூர் மாமி, “முட்டை உண்டோ?” என்றார். “எக்லெஸ்ஸும் பண்ணுவேன் மாமி.” எக்லெஸ் மட்டும் என்றிருந்தால் சாவி கைக்கு வந்திருக்கும். அடுத்த வீட்டுக்காரருக்கு முட்டை பிரச்சினையில்லை. ஓவன் அக்னி மூலையில்தான் இருக்க வேண்டும். த்ரீ பேஸ் லைனோ வாயு மூலையில். இன்னொருவர் பத்து மாத அட்வான்ஸ் கேட்டார். தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் வந்த பிறகு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைதான் முன்பணம் என்று இவர் படித்துக்கொண்டு போயிருந்தார். “அதான்மா, நாம அந்த வேற ஒப்பந்தம் போட்டுக்கலாம்” என்றார் அவர், இவரைவிட நன்றாகப் படித்தவர்.

மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் பொதுக் கிச்சன் ஒன்றும் கிடைத்தது. பளபளவென்று மேடை, பெரிய டெக் ஓவன். ஆனால் கேக் சூடாக இருக்கும்போது கிரீம் பூச முடியாது, உருகி வழியும். அது ஆறும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற நேரத்துக்கும் ஆட்டோ வெயிட்டிங் சார்ஜ் மாதிரி காசு ஏறுகிறது. ஃபேனைக் கேக் பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் கடிகாரத்தையே பார்த்தவர், மறுநாள் வீட்டு அடுப்படிக்கே திரும்பிவிட்டார். வீட்டில் கேக் ஓசியில் ஆறும்.

ஓசி என்பது அவர் கணக்கு. வீட்டில் மற்றவர்கள் வேறு கணக்கு வைத்திருக்கிறார்கள். விப்பிங் கிரீம் வந்ததும் ஃபிரிட்ஜிலிருந்து தோசை மாவு வெளியேற்றப்பட்டது. சித்திரை வெயிலில் அது பொங்கி மேடையெல்லாம் வழிந்தது. இரண்டு மாத மின்சாரம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும் என்பதால், ஓவன் ஓடும் நேரத்தில் பையன் ஏசி போடக் கூடாது. கணவர் சாப்பாட்டு மேசையைப் பார்த்தே நாளாயிற்று. அதன்மேல் அட்டைப்பெட்டிகள் குடியிருக்கின்றன. இந்த மூவரும் சேர்ந்து கொடுக்கும் வாடகைக்கு அடையாறில் கடையே பிடிக்கலாம் என்பது என் அபிப்பிராயம். நோட்டில் அதற்குப் பத்தி இல்லை.

டிசம்பரில் பிளம் கேக் ஆர்டர்கள் குவிந்து, கடைசி அடுப்பும் கேரமல் காய்ச்சப் போன அன்று மாமியார் மெல்ல வந்து நின்றார்.

“ஏம்மா, பக்கத்துல சின்னதா ஒரு அடுப்படி வாடகைக்குக் கிடைக்குமா?”

“அதைத்தானே அத்தை எனக்குப் பார்த்துட்டே இருக்கேன்.”

“உனக்கில்லம்மா. எங்களுக்கு. நாலு இட்லி அவிச்சுக்கலாம்னு.”

கேக் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு நோட்டின் பின்பக்கத்தைத் திறந்தார். “மணிக்கணக்குல போதுமா அத்தை, மாசக்கணக்குல வேணுமா?”