இருசு மாமா

ரெண்டு சக்கர டிரெய்லரில் தேங்காய் மட்டை ஏற்றி வரும்போது டயர் ஒரு பக்கமாக உள்ளே தேய்ந்திருப்பதைப் பார்த்ததும் மாமாவின் முகம் மலர்ந்துவிடும். இருசு, அதாவது ஆக்சில், வளைந்துவிட்டது! நமக்கென்றால் செலவு, அவருக்கு நோம்பி.

"பட்டறைக்கு உட்ரலாமுங்களே மாமா?" என்று கேட்டுவிடக் கூடாது. கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டியே தொழில் கற்றவர், 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டவர் என்று ஆரம்பித்து, "அவரு எந்தப் பட்டறைக்குப் போனாருங்?" என்று முடிப்பார். பதில் சொல்லத் தெரிந்தவர்கள் எங்கள் பக்கம் யாருமில்லை.

உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் ஒரு பகல் போகும். சொன்ன விலையில் பாதி கேட்டு, கோபித்துக்கொண்டு டீ குடிக்கப் போய், திரும்பி வந்து முக்கால் விலைக்கு ஒரு லாரி ஆக்சிலைத் தூக்கி வருவார்.

அப்புறம் 'தானே' மாற்றுவார். ஜாக்கி ஏற்றப் பண்ணையத்து ஆள், ஸ்பிரிங் பட்டையைப் பிடிக்க மச்சினன், டார்ச் அடிக்க அத்தை. சக்கரத்துக்குக் கல் போடுவதில் மட்டும் ஒருவரையும் நம்பமாட்டார்.

ஆனால் ஒன்று, வேலை சுத்தம். டிரெய்லரை டிராக்டரோடு பின் போட்டு மாட்டும் ஓட்டையிலிருந்து ஆக்சிலின் இரண்டு முனைக்கும் கயிறு பிடிப்பார். இரண்டும் ஒரே நீளம் வராமல் யு-போல்ட் இறுகாது. பிசகினால் வண்டி நண்டு மாதிரி ஒருச்சாய்ந்து போகும். பட்டறையில் இத்தனை பொறுமை யாருக்கு? சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, துளி தளர்த்தி, பின்னைச் செருகி மடக்குவார்.

போன தடவை கயிற்றின் மறுமுனை, கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவரின் கைக்குப் போனது. பட்டுக்கரை வேட்டி, "ஆடாமப் புடிங்" என்று உத்தரவு. வேலை முடிந்து ஊரை ஒரு சுற்று ஓட்டி வந்த மாமா, அவரையே கூப்பிட்டு ஹப்பைத் தொடச் சொன்னார். பேரிங் இறுக்கமென்றால் அங்கே கை வைக்க முடியாது.

"சில்லுனு இருக்குதுங்," என்றார் வந்தவர், கிரீஸ் கையோடு பத்திரிகையை நீட்டி.

"குடும்பத்தோட வந்தர்றனுங். ஏனுங், நீங்க வாரப்ப உங்க வண்டியில பொறவால ஒரு சத்தம் கேட்டுதுங்களே?"

வந்தவர் காப்பி கூடக் குடிக்காமல் சாவியைத் திருகிவிட்டார்.