புறம்போக்குப் பூனை

தாலுகா ஆபீஸ் இருக்கிற ஊர் எதுவானாலும், அங்கே ஒரு தெருவில் ஓய்வுபெற்ற ரெவின்யூக்காரர் ஒருவர் கட்டாயம் இருப்பார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் பேப்பர், சட்டைப் பையில் இரண்டு பேனா. அரசாங்கம் அவரை ஒரு மாதக் கடைசியில் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கும். அவர் ஆபீஸையும் கூடவே அழைத்துக்கொண்டு வந்திருப்பார்.

செங்கத்தில் எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் ஆர்.ஐ. ஐயா. செங்கத்துக்காரர்கள் கலெக்டரைப் பார்க்க வேலூருக்குப் பஸ் ஏறிய வடஆற்காடு காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். 1989-இல் மாவட்டம் பிரிந்து திருவண்ணாமலை தலைநகரானதை இன்றைக்கும் 'சமீபத்திய மாறுதல்' என்றுதான் சொல்வார். சர்வீஸ் முழுக்க நீல மசி. பச்சை மசி கெஜட்டட் ஆபீசர்களின் சொத்து. இவருக்கு அந்தப் பாக்கியம் எட்டவில்லை. ரிட்டையரான மறுநாளே கடைத்தெருவுக்குப் போய் ஒரு டஜன் பச்சைப் பேனா வாங்கிவந்தார். பால் கணக்கு, சிலிண்டர் வந்த தேதி, மருமகள் சொன்ன மளிகை லிஸ்ட் எல்லாம் அன்றிலிருந்து கெஜட்டட் ஆகிவிட்டன.

ஒரு கேள்விக்கு அவரிடம் நேர்ப்பதில் வாங்க முடியாது. "ஐயா, சாயங்காலம் மழை வருமா?" என்றால், மலைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஜவ்வாது மேல கறுத்துகீது. ஜமுனாமரத்தூர்ல பெய்யுதான்னு தகவல் வரட்டும், பாக்கலாம்" என்பார். நாம் குடையோடு கிளம்புவதா வேண்டாமா என்பது நிலுவையில் இருக்கும்.

இவரிடம்தான் அந்தப் பூனை விவகாரம் போய்ச் சேர்ந்தது.

ஐப்பசி அடைமழையில் எங்கிருந்தோ வந்து ஐயா வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒண்டிக்கொண்டது. வெள்ளை, கறுப்பு, செம்மண் மூன்றும் கலந்த உடம்பு. ஒரு காது நுனி பிய்ந்திருக்கும். இரண்டே நாளில் பக்கத்து வீட்டு அக்கா காயப்போட்டிருந்த கருவாட்டில் பாதி போய்விட்டது. அக்கா வாசலில் நின்று ஐயாவிடம் வாய்மொழியாகப் புகார் கொடுத்தார். "எழுத்துல கொடும்மா" என்றார் ஐயா. அக்கா ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அது எழுத்தில் வராததே நல்லது.

அன்று மாலை ஒரு பழைய அட்டை, டேக் நூல், நான்கு வெள்ளைத் தாளோடு கோப்பு திறக்கப்பட்டது. பொருள்: பூனை, கேட்பாரற்றது, குடியிருப்புப் பகுதியில் நடமாட்டம், தொடர்பாக. முதல் கேள்வியே வகைப்பாடு. இது பட்டாப் பூனையா, புறம்போக்கா? கழுத்தில் கயிறோ மணியோ இல்லை. யாரும் உரிமை கோரவில்லை. ஆகவே புறம்போக்கு என்று பச்சை மசியில் எழுதினார். இனம் என்ற இடத்தில் ஆணா பெண்ணா என்று தெரியாமல் காலியாக விட்டிருந்தார். சாத்தனூர் டேம் ஜிலேபி மீனைக் கூடையில் கொண்டுவரும் மீன்கார அம்மா, "மூணு நெறம் இருந்தா பொட்டைதான் சாமி, இதுக்கா உக்காந்து யோசிக்கிறே?" என்று ஒரு நொடியில் தீர்த்துவைத்தார். மூன்று நிறப் பூனை அநேகமாக எப்போதும் பெட்டையாகத்தான் இருக்கும் என்று மரபணு நூல்களும் சொல்கின்றன. ஐயா அதைத் 'தகவலாளர் வாக்குமூலப்படி' என்று சேர்த்துக்கொண்டார்.

பூனைக்கு ஆகாரம் போடக் கூடாது என்பது அவர் பிறப்பித்த முதல் உத்தரவு. காரணம் இரக்கமின்மை இல்லை, அனுபோக பாத்தியதை. "இன்னைக்கு ஒரு பிடி சோறு வெப்பீங்க. அது துன்னும். நாளைக்கு அதே நேரத்துக்கு வரும். அப்புறம் அது நம்ம அனுபோகத்துல கீதுன்னு ஆயிடும். பட்டா சொத்துக்கு 12 வருஷம், சர்க்கார் சொத்துக்கு 30 வருஷம். அதுக்கப்புறம் சுப்ரீம் கோர்ட்டு போனாலும் ஒண்ணும் பண்ண முடியாது." பூனையின் ஆயுசே பன்னிரண்டு பதினைந்து வருஷம்தானே என்று நான் கேட்டதற்கு, "அதான் சொல்றேன், பாத்தியதை வர நேரத்துல வாரிசுப் பிரச்சினையும் சேந்து வரும்" என்றார். இதைச் சொன்ன நேரத்தில் அவர் வீட்டம்மா பின்கட்டில் அலுமினியத் தட்டில் சோறும் கருவாட்டுத் தலையும் பிசைந்துகொண்டிருந்தார். தட்டு படிக்கட்டில் உரசும் சத்தம் தெருவுக்கே கேட்டது. ஐயாவுக்கு மட்டும் கேட்கவில்லை. முப்பது சொச்ச வருஷ சர்வீஸில், எதைக் கேட்காமல் இருக்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ளாமலா ரிட்டையராகியிருப்பார்?

வீட்டம்மா அதற்கு அஞ்சலை என்று பெயரும் வைத்துவிட்டார். ஐயா கொதித்தார். "பேரு வெக்கறதுன்னா இன்னா அர்த்தம் தெரியுமா? நாளைக்கு எவனாவது பேர் மாற்றத்துக்கு மனு போடுவான்!"

"ஏங்க, பசிச்சா கத்துது, கூப்பிட்டா வருது. கூப்பிட ஒரு பேரு வேணாமா?" என்று அம்மா உள்ளே போய்விட்டார்.

இப்படிப்பட்ட விவகாரத்தில் எந்த ஊரிலும் ஒரு சாக்குக் கட்சி உண்டு. கோணியில் போட்டுக் கட்டி, ஆற்றுக்கு அந்தாண்ட விட்டுவிட்டால் பூனைக்குத் திரும்பி வர வழி தெரியாது என்பது அவர்களுடைய ஒரே கொள்கை. எங்கள் தெருவில் கோடி வீட்டுப் பையன் அதற்குத் தலைவர். அவனிடம் பைக்கும் இருந்தது. ஆனால் செங்கத்துச் சிக்கல் வேறு. இங்கே இருப்பது செய்யாறு. மலையில் நன்றாகப் பெய்து, குப்பநத்தம் அணையில் ஷட்டரைத் தூக்கினால்தான் அது ஆறு. மற்ற நாட்களில் மணலும் முள்ளும் கிரிக்கெட் ஸ்டம்ப்பும். தண்ணீர் இல்லாத ஆற்றைத் தாண்டினால் அது தாண்டியதாகுமா என்று கட்சிக்குள்ளேயே பிளவு வந்துவிட்டது. ஒரு தரப்பு, "மணல்ல நடந்தே வந்துடும், தண்ணி வரட்டும்" என்றது. இன்னொரு தரப்பு, "தண்ணி வந்தா நாம எப்படி அந்தாண்ட போறது?" என்றது.

தீர்ப்புக்கு ஐயாவிடம் வந்தார்கள். வாழ்நாளில் அவரை இவ்வளவு பிரகாசமாக நான் பார்த்ததில்லை. "தண்ணி ஓடினாலும் ஓடலன்னாலும் ஆறு ஆறுதான். புல எண்ணுல ஆத்துப் புறம்போக்குன்னு கீது. அடங்கல்ல 'வறட்சியால் ஆறு இல்லை'ன்னு எந்த வி.ஏ.ஓ. எழுதுவான்?" என்றார். எதிர்வீட்டுத் தமிழாசிரியர் தன் பங்குக்கு, நன்னன் ஆண்ட ஊர் இது, பத்துப்பாட்டின் மலைபடுகடாமிலேயே இந்த ஆறு சேயாறு என்று வருகிறது என்று எடுத்துக்கொடுத்தார். ஐயா கையை நீட்டி, "பாத்தியா, பழைய ரெக்கார்டு!" என்றார். சங்க இலக்கியத்தை ஒருவர் 'அ' பதிவேட்டோடு சேர்த்துக் கட்டியதை அன்றுதான் கண்டேன்.

ஆறு ஆறுதான் என்று தீர்ந்தது. பூனையைக் கொண்டுபோகலாமா என்பது தனிக் கோப்பாம். அதற்காக 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தைப் பேரனின் போனில் தேடிப் படித்துவிட்டு, 11-ஆம் பிரிவில் வந்து நின்றார். பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது குற்றம். "வயித்துல குட்டி வேற இருக்கும்போல கீது. முள்ளுல கொண்டுபோய் உட்டா யாருடா பதில் சொல்றது?" சாக்குக் கட்சி முணுமுணுத்துக்கொண்டு கலைந்தது. இந்த மாதிரி மனிதர்களை நாம் கேலி செய்கிறோம். அவர்களுடைய தாமதத்தில் எத்தனை அவசர முட்டாள்தனங்கள் அடிபட்டுப்போகின்றன என்று கணக்கெடுப்பதில்லை.

ஆனாலும் கோடி வீட்டுப் பையன் பொறுக்கவில்லை. ஒரு மத்தியானம் தானாகவே சாக்கோடு வந்தான். அஞ்சலை சாக்குக்குள் போனது உண்மை. பைக் ஸ்டார்ட் ஆவதற்குள் வெளியே வந்ததும் உண்மை. நடுவில் நடந்ததற்கு அவன் முன்னங்கை சாட்சி. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நான்கு கோடு.

இந்த இடத்தில் ஐயாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோப்பு இல்லை, குறிப்பு இல்லை. நாற்காலியை விட்டு எழுந்தவர், பையனைக் குழாயடிக்குத் தரதரவென்று இழுத்துப் போய், சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் தேய்த்துக் கழுவவைத்தார். "பூனைதானே ஐயா, நாயா கடிச்சுது?" என்றவனை, "வெறிநோய்க்கு நாய், பூனை பேதமெல்லாம் கெடையாதுடா" என்று அதட்டி, அவன் பைக்கிலேயே பின்னால் உட்கார்ந்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். முதல் நாள் ஊசி அன்றே. அடுத்து 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள். அந்த மூன்று தேதியையும் பச்சை மசியில் எழுதி அவன் வீட்டுக் கதவில் ஒட்டினார். ஒவ்வொரு தேதியிலும் காலை எட்டு மணிக்குப் போய்க் கதவைத் தட்டினார். மூன்று நாளைக்குள் முடிந்த ஒரு வேலைகூட அவர் சர்வீஸில் கிடையாது என்று சொல்கிறவர்கள் அந்தக் கதவைப் பார்த்ததில்லை.

பையன் கீறுபட்ட சேதி பரவியதும் பூனைக்கு எதிராகக் காற்று திரும்பியது. நாயென்றால் வீட்டைக் காக்கும், பூனையால் என்ன பிரயோஜனம் என்று பேச்சு வந்தது. தமிழாசிரியர் விடுவாரா? நடுகல் விளைந்த பூமி இது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' என்று தனிப் புத்தகமே போட்டது. அதிலே எடுத்தனூர்க் கல்லைப் பற்றி ஆரம்பித்தார். மகேந்திரவர்ம பல்லவன் காலம். எருமைகளைக் காக்கப் போராடி மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எழுப்பிய கல். அவன் கூடவே நின்று கள்ளரைக் கடித்துக் காத்த நாய்க்கும் அதே கல்லில் இடம். கோவிவன் என்று அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். "பூனைக்கு எங்கியாச்சும் கல்லு கீதா?" என்றார் ஐயா. இருக்கிறது என்றார் ஆசிரியர். மாமல்லபுரத்தில், அருச்சுனன் தபசுப் பாறையில். அதுவும் பல்லவர் வேலைதான். அங்கே பூனை தவம் செய்கிற மாதிரி கையைத் தூக்கி நிற்கிறது, சுற்றிலும் எலிகள் நம்பி நிற்கின்றன.

ஐயா வெகுநேரம் யோசித்தார். "ஆக, நாய்க்கு நற்சான்று. பூனைக்கு சர்வீஸ் ரெக்கார்டுல 'நேர்மை ஐயத்துக்குரியது'ன்னு ரிமார்க். அதுக்காக டிஸ்மிஸ் பண்ணிட முடியுமா? அந்த மாதிரி ரிமார்க்கோட எத்தனை பேரு பென்ஷன் வாங்கிட்டு கீறான்!"

பூனையின் கர்ப்ப காலம் இரண்டு மாதமும் சில நாளும். ஐயாவின் கோப்பு அதைவிட நீளமானது. மார்கழி விடியலில், பரணுக்குக் கீழே ஐயா சர்வீஸ் பேப்பர்கள் வைத்திருந்த மூடியில்லாத அட்டைப் பெட்டிக்குள் மூன்று குட்டிகள். ஜமாபந்தி நினைவாக அவர் பத்திரப்படுத்தியிருந்த ஒரு கட்டு மெமோவின் மேல் அஞ்சலை பிரசவித்திருந்தது. வீடே அதிரப்போகிறது என்று நாங்கள் காத்திருந்தோம். ஐயா எட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "உட்பிரிவு ஆயிடுச்சு" என்றார்.

குட்டிகளுக்குப் பெயர் வைக்க வீட்டம்மாவை விடவில்லை. 1அ, 1ஆ, 1இ. இன்று வரை 1ஆ-வைத் தேடி அவர் வீட்டுக்குள் "ஒன்னு ஆ... ஒன்னு ஆ..." என்று கூப்பிட்டுக்கொண்டு போவதைக் கேட்டால், புதிதாக வருகிறவர்கள் அவருக்குப் பல் வலி என்று நினைத்துக்கொள்கிறார்கள். கண் திறந்து, ஓடியாடிச் சோறு தின்னும் பருவம் வந்ததும் மீன்கார அம்மா ஒரு குட்டியைக் கேட்டார். சாமை மூட்டை வைக்கிற இடத்தில் எலித் தொல்லை என்று மலையில் தன் அண்ணன் வீட்டுக்கு ஒன்று வேண்டும் என்றார் பெட்டிக்கடைக்காரர். இருவரிடமும் ஒப்புதல் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டே கொடுத்தார். மீன்கார அம்மா கைநாட்டு வைத்துவிட்டு, "ஒரு பூனக்குட்டிக்குப் பத்திரப்பதிவு ஆபீஸே தேவலாம் சாமி" என்றார். 1ஆ-வைக் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் 'பரிசீலனையில் உள்ளது' என்ற பதில்தான்.

கருவாட்டு அக்கா இந்த முறை நிஜமாகவே எழுத்தில் கொடுத்தார்: அஞ்சலை மறுபடி குட்டி போட்டால் தன் மொட்டை மாடியை நிரந்தரமாகக் காலி செய்ய வேண்டியதுதான். மனு என்று வந்துவிட்டால் ஐயாவால் மறுக்க முடியாது. ஒரு திங்கட்கிழமை காலை, மேலே வலை கட்டிய மூங்கில் கூடையில் அஞ்சலையை வைத்துக்கொண்டு, கருத்தடை ஆபரேஷனுக்காக மாட்டாஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். கூடையைப் பிடித்துக்கொள்ள நானும் போனேன். முன்னால் இரண்டு கறவை மாடு, ஒரு வயிறு ஊதிய ஆடு. எங்கள் முறை வந்தது. பதிவேட்டைத் திறந்து வைத்திருந்த பெண் தலைநிமிராமல் கேட்டார்:

"உரிமையாளர் பேரு?"

முப்பது வருஷமாக ஊர் ஊராகப் போய் இதே கேள்வியைத் தான் கேட்டுப் பழகியவர் ஐயா. அவரை யாரும் கேட்டதில்லை. வாயைத் திறந்தார், மூடினார். கூடையைப் பார்த்தார். அஞ்சலை வலைக்குள்ளிருந்து அவரைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தது.

"உரிமையாளர்னு போடாதம்மா. அனுபோகதாரர்னு போடு."

"அப்படி காலமே இல்லைங்க ஐயா. பேரு சொல்லுங்க, பின்னாடி ஆளு நிக்குது."

"அப்படின்னா கூட்டுப் பட்டாவாப் போட்டுக்கோ" என்றார் ஐயா. சட்டைப் பையிலிருந்து பச்சைப் பேனாவை எடுத்து அந்தப் பெண்ணிடம் நீட்டிவிட்டு, வடக்குக் கோடியில் பையன் வீட்டிலிருந்து ஆரம்பித்து, தெருவில் உள்ள ஒவ்வொரு குடும்பத் தலைவர் பெயரையும் தகப்பனார் பெயரோடு சேர்த்துச் சொல்லத் தொடங்கினார். ஆறாவது வீட்டுக்கு வந்தபோது எங்களுக்குப் பின்னால் இருந்தவர் தன் ஆட்டை அவிழ்த்து நிழலில் கட்டப் போய்விட்டார்.